அறைவீடும் ஒண்டுக்குடித்தனமும்

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊரில் மழை பெய்ததா, ரயிலில் டிக்கெட் கிடைத்ததா, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்... இதற்கெல்லாம் நடுவில் யாராவது ஒருவர் இதையும் சொல்லுவார்: "ஊர்ல இருந்தப்போ காலையில அரை மணி நேரம் முழங்கால் போட முடிஞ்சது. இங்க எங்க முடியுது?"

கவனித்துப் பாருங்கள், அவருடைய முதல் குறை நேரம் இல்லை என்பது அல்ல, அமைதி இல்லை என்பது. ஒன் ரூம் கிச்சன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி. கீழே ஆட்டோ ஹார்ன். விடிவதற்கு முன் தண்ணீர் விடுகிற நேரம் வந்துவிட்டால் கட்டிடம் முழுக்கக் குடமும் வாளியும் உருளுகிற சத்தம். 7.42 லோக்கலை விட்டால் அடுத்ததில் ஏறக்கூட முடியாது. இதில் எங்கே கண்ணை மூடுவது?

என் அம்மா ஊரிலிருந்து போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "ஏய்யா, ஜெபம் பண்ணுதியா?" என்றுதான் கேட்பாள். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாக்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் சாயங்காலம் கோயில் மணி அடித்தால் ஜெபத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அமைதி எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசித்தது கிடையாது. ஊரைவிட்டு வந்தபிறகுதான் அது ஒரு கேள்வியாகிறது.

நான் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. சரித்திரம் படிப்பது பொழுதுபோக்கு. ஆகவே இந்தக் கேள்வியையும் சரித்திரத்தின் வழியாகவே தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வேலைக்கு நடுவில், சத்தத்துக்கு நடுவில் ஜெபிக்க அமைதி வேண்டும் என்று நினைத்த ஆட்கள் முன்பு என்ன செய்தார்கள்? படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். அமைதியை ஓர் இடமாகத் தேடிப் போனவர்களுக்குப் பின்னாலேயே கூட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. அமைதியை ஒரு நேரமாக வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அது நிலைத்தது. அதிலும் அந்த நேரத்தைக் காத்துக் கொடுக்க இன்னொரு ஆள் இருந்தவர்களுக்குத்தான்.

முதலில் வேதாகமத்திலிருந்தே ஆரம்பிப்போம். ஜெபிக்கும்போது உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்கிறார் (மத்தேயு 6:6). நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'அறைவீடு'. சின்ன வயதில் இதைப் படித்தபோது, ஜெபத்துக்கென்றே தனியாக ஒரு ரூம் வைத்திருக்கிற பெரிய வீடு என் மனதில் வந்து நிற்கும். நமக்குத்தான் அப்படி ஒரு ரூம் இல்லையே!

ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல் 'தமேயோன்'. அதற்குச் சாமான் அறை என்று அர்த்தம். தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கிற, தெருவைப் பார்க்காத உள் அறை. இதே கிரேக்கச் சொல் லூக்கா 12:24-ல் காகங்களைப் பற்றிய வசனத்திலும் வருகிறது. அங்கே தமிழில் 'பண்டசாலை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆக, இயேசு காட்டிய இடம் பூஜை அறை போல ஜெபத்துக்கென்று ஒதுக்கிய அறை அல்ல. மூட்டைகளுக்கு நடுவில், வீட்டில் யாரும் போய் உட்கார நினைக்காத ஒரு மூலை.

அந்தக் காலத்து வீடுகள் எப்படி இருந்தன என்பது நமக்கு ஓரளவு தெரியும். கலிலேயாக் கடலோரம் கப்பர்நகூமில் 1968 முதல் பிரான்சிஸ்கன் துறவிகள் பெரிய அளவில் அகழாய்வு நடத்தினார்கள். கருங்கல்லை அடுக்கிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். பல அறைகளுக்கு நடுவே ஒரு பொது முற்றம். அந்த முற்றத்தில்தான் அடுப்பு, அரைக்கிற கல், பிள்ளைகள், ஆடு எல்லாம். படத்தைப் பார்த்தவுடன் எனக்கு நினைவு வந்தது நம் மும்பையின் சால் குடியிருப்புதான். இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்த ஜனங்கள். தனி ரூம் இருப்பவர்களைப் பார்த்து அவர் பேசவில்லை.

அதே கப்பர்நகூமில் நடந்த இன்னொரு சம்பவம் மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஊரே சீமோன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வியாதிக்காரர்கள், பேய் பிடித்தவர்கள் எல்லாரும். மறுநாள் இருட்டோடு எழுந்து இயேசு ஊருக்கு வெளியே தனியாகப் போய் ஜெபிக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று. அவர் ஏன் வந்தீர்கள் என்று கோபிக்கவில்லை. எழுந்து வேலைக்குப் போகிறார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான்.

பிற்பாடு வந்தவர்கள் அந்தக் கொஞ்ச நேரம் போதாது, அமைதியான இடத்துக்கே போய்விடலாம் என்று நினைத்தார்கள். எகிப்திய பாலைவனத் துறவிகளின் கதை இது. அவர்களில் புகழ்பெற்றவர் அந்தோணியார். 251 வாக்கில் பிறந்தவர். இருபது வயது இருக்கும்போது அப்பா அம்மா இறந்துபோக, நிலத்தையெல்லாம் கொடுத்துவிட்டுத் தனிமையைத் தேடிப் போனார். முதலில் ஊர் ஓரம். பிறகு கல்லறை. பிறகு பாழடைந்த கோட்டை. அங்கே இருபது வருஷம் கதவை அடைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் ஜனங்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய அத்தனாசியு சொல்கிறார். கூட்டத்துக்குத் தப்பிச் செங்கடல் பக்கமுள்ள மலைக்குப் போனார். அங்கேயும் வந்தார்கள். 356-ல் இறக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர் அமைதியைத் தேடிப் போனார், அவரிடம் அமைதி இருக்கிறது என்று ஊர் அவரைத் தேடிப் போனது!

பாலைவனத் துறவிகளைப் பற்றிய பழைய தொகுப்புகளில் இதே அந்தோணியாரைப் பற்றி ஒரு சின்னக் கதை உண்டு. பட்டணத்தில் உனக்குச் சமமான ஒருவன் இருக்கிறான் என்று அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. யார் என்று பார்த்தால், அவர் ஒரு வைத்தியர். தன் தேவைக்கு மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தினமும் தேவதூதர்களோடு சேர்ந்து துதி பாடுகிறவர். அவ்வளவுதான் கதை. பாலைவனத்துக்குப் போனவர்களே இதைச் சொல்லிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நோயாளிகள் வரிசையில் நிற்கிற ஒரு வைத்தியனின் நாளுக்குள்ளும் அந்த அமைதி இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அமைதியைத் தேடிப் போனவர் பின்னால் கூட்டம் போகும் இந்தக் கதை, ஏறக்குறைய 1650 வருஷம் கழித்து நம் காவிரிக்கரையிலும் நடந்தது. குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளியில் 1950-ல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் ழூல் மொன்ஷானன், இன்னொருவர் பிற்பாடு அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்ட ஆன்றி லெ சோ. சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர் வைத்தார்கள். சாந்திவனம் என்றால்தான் நிறையப் பேருக்குத் தெரியும். காவி கட்டிக்கொண்டு, தோப்புக்குள் குடிசையில், மௌனமாக ஜெபிப்பது அவர்கள் கனவு. எதிர்பார்த்த மாதிரி இந்தியச் சீடர்கள் வந்து நிலைக்கவில்லை. மொன்ஷானன் 1957-ல் காலமானார். அபிஷிக்தானந்தா 1968-ல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். அதே வருஷம் ஆசிரமத்தைப் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் அது உலகப் பிரசித்தம் ஆயிற்று. 1993-ல் அவர் இறக்கும்வரை பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் மௌனமாக இருக்க அமைத்த இடம் எத்தனையோ பேருக்கு விருந்தினர் விடுதியும் ஆயிற்று.

அப்படியானால் அங்கே அமைதியே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. விடிகிற வேளையிலும் அந்தி சாய்கிற வேளையிலும் தியானம், காலை நண்பகல் மாலை என்று மூன்று வேளை கூட்டு ஜெபம் என்று அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. கூட்டம் வந்தாலும் ஆசிரமத்தின் அமைதியைக் காத்தது தோப்பு அல்ல, அந்த ஒழுங்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஒழுங்கை ரொம்பத் தெளிவாக எழுதி வைத்தவர் இத்தாலியின் பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில், மோந்தே கசீனோ மடத்தில் இருந்தபோது அவர் எழுதிய விதிநூல் இன்றும் உலகம் முழுவதும் பல மடங்களில் பின்பற்றப்படுகிறது. அதைப் படிக்கும்முன் நான் நினைத்தது, பேசாதே பேசாதே என்று பக்கம் பக்கமாக இருக்கும் என்று. மௌனத்தைப் பற்றி இருப்பது ஒரு சின்ன அதிகாரம்தான். ஆனால் நாளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். எந்த வேளையில் ஜெபம், எந்த வேளையில் வயல் வேலை, எந்த வேளையில் படிப்பு. இரவின் கடைசி ஜெபம் முடிந்தால் அதற்கு அப்புறம் யாரும் பேசக் கூடாது. விருந்தாளி வந்தாலோ மடத்துத் தலைவர் ஏதாவது கட்டளையிட்டாலோ மட்டும் பேசலாம், அதுவும் அடக்கமாக.

என்னைக் கவர்ந்தது அந்த நூலின் வேறு இரண்டு அதிகாரங்கள். ஒன்று, வாசல் காவல்காரரைப் பற்றியது (66-ஆம் அதிகாரம்). மடத்து வாசலில் விவரம் தெரிந்த ஒரு முதியவரை வைக்க வேண்டும். அவருக்கு அங்கேயே ஓர் அறை. யார் தட்டினாலும் உடனே பதில் சொல்ல வேண்டும், கனிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. உள்ளே அத்தனை பேர் மௌனமாக ஜெபிக்க முடிகிறது என்றால் வெளியே ஒருவர் எல்லாச் சத்தத்தையும் தன் மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று சமையலறை பற்றியது (35-ஆம் அதிகாரம்). துறவிகள் ஒருவருக்கொருவர் முறை வைத்துச் சமையல் வேலை செய்ய வேண்டும், வாரம் ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்கிறார். நோய், முக்கியமான வேறு பொறுப்பு போன்ற காரணங்களைத் தவிர யாருக்கும் விலக்கு கிடையாது. ஆகவே யாரும் நிரந்தரமாக அடுப்படியிலும் இல்லை, யாரும் நிரந்தரமாக ஜெபத்திலும் இல்லை.

இந்த முறை அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மடங்களில் இரண்டு வகுப்பு வந்துவிட்டது. ஜெபத்துக்கு ஒரு வகுப்பு. வயல், தொழுவம், சமையல் என்று உழைப்புக்கு இன்னொரு வகுப்பு. இந்த இரண்டாம் வகுப்பினர் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அவர்களுக்குச் சுருக்கமான ஜெபம்தான். ஒரு பக்கத்துக்கு அமைதி, இன்னொரு பக்கத்துக்குப் பாத்திரம். இந்தப் பிரிவினை நம் வீடுகளில் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த இரண்டாம் வகுப்பிலிருந்து வந்தவர்தான், வேலைக்கு நடுவில் ஜெபம் என்றால் இன்றைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்கிற சகோதரர் லாரன்ஸ். 1614-ல் பிறந்தவர், இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதிக்காரர். போரில் சிப்பாயாக இருந்து காலில் அடிபட்டு ஊனமானார். பிறகு ஒரு வீட்டில் வேலைக்காரராக இருந்தார். தன் கையிலிருந்து எல்லாம் தவறி விழுந்து உடையும் என்று அவரே சொல்லிக்கொள்வார். 1640-ல் பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்தது சமையல் வேலை. அது அவருக்குச் சுபாவமாகவே பிடிக்காத வேலை! சுமார் பதினைந்து வருஷம் அதைச் செய்தார். பிறகு செருப்புத் தைக்கிற வேலை. நடுவில் மடத்துக்கு ஒயின் வாங்கப் படகில் அனுப்புவார்கள். கால் ஊனம் என்பதால் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் படகுக்குள் நகர்வாராம்.

இப்படிப்பட்ட மனிதர் சொன்னது, எனக்கு வேலை நேரமும் ஜெப நேரமும் வேறு வேறு இல்லை என்பது. வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் கடவுளுக்காகவே செய்கிறேன் என்பார். 1691-ல் அவர் இறந்தபிறகு, அவரோடு பேசிய ஒரு குருவானவர் அவருடைய பேச்சுகளையும் கடிதங்களையும் தொகுத்து 1692-லும் 1694-லும் வெளியிட்டார். அது இன்றுவரை பல மொழிகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

லாரன்ஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவரைப் பிரசங்கங்களில் பயன்படுத்துகிற விதம் எனக்கு உடன்பாடு இல்லை. "பாருங்கள், அவர் அடுப்படியிலேயே ஜெபித்தார், நீங்களும் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபியுங்கள்" என்று பெண்களைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். லாரன்ஸ் இருந்தது மணி அடித்தால் எல்லாரும் அமைதியாகிற ஒரு மடத்தில். அவருக்கும் தினசரி ஜெப நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் பழகியதை அவர் அடுப்படிக்கு எடுத்துப் போனார். ஒதுக்கிய நேரமே இல்லாத ஒருவரைப் பார்த்து அடுப்படியே போதும் என்று சொல்வது வேறு விஷயம்.

ஒதுக்கிய நேரம் கிடைக்காத வீட்டில் அதை உண்டாக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையும் இருக்கிறது. சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்டு சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. இங்கிலாந்தில் எப்வர்த் என்ற சின்ன ஊரில் குருவானவரின் மனைவி. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, அதில் பிழைத்து வளர்ந்தது பத்துப் பேர்தான். கணவருக்குத் தீராத கடன். 1705-ல் அதற்காக அவரைச் சிறையில் கூடப் போட்டார்கள். 1709-ல் வீடு எரிந்து போனது. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்ததும் சூசன்னாதான். இந்த வீட்டில் அமைதிக்கு எங்கே போவது?

ஜெபிக்க வேண்டும் என்றால் சூசன்னா தன் ஏப்ரனை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொள்வார், அம்மா தலையில் ஏப்ரன் இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நம் அம்மாக்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியம் இல்லை. ஆனால் துணி சத்தத்தைத் தடுக்காது. தடுத்தது பிள்ளைகள். அந்த வீட்டில் வாசல் காவல்காரர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

இதற்குப் பதில் மரியாதையும் உண்டு. வாரத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று சூசன்னா வைத்திருந்தார். இது அவரே கடிதத்தில் எழுதியிருப்பது. ஜானுடைய முறை வியாழக்கிழமை. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பெரிய ஆளாக இருக்கும்போது, அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தில் கொஞ்சத்தை எனக்காக ஒதுக்க முடியுமா என்று ஜான் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். தன் நேரத்தைப் பிள்ளைகள் மதிக்க வேண்டும் என்று கேட்ட அம்மா, பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு நேரம் கொடுத்திருக்கிறார்.

வீட்டை விட்டு ஆபீஸுக்கு வருவோம். நம்மில் பலருக்கு விழித்திருக்கும் நேரத்தில் பாதி அங்கேதானே போகிறது. 1857-ல் நியூயார்க்கில் ஜெரமையா லான்ஃபியர் என்றொருவர் இருந்தார். வியாபாரியாக இருந்தவர், 48 வயது. வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சபை அவரை ஊழியத்துக்கு அமர்த்தியது. ஆபீஸ்காரர்கள் முகத்தைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது, இவர்களுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் என்ன என்று. துண்டுப் பிரசுரம் அடித்தார். ஐந்து நிமிஷம் இருக்கலாம், இருபது நிமிஷம் இருக்கலாம், முழு நேரமும் இருக்கலாம், உங்கள் வசதி.

செப்டம்பர் 23, புதன்கிழமை, 12 மணிக்கு ஃபுல்டன் தெருவிலுள்ள அந்த இடத்தைத் திறந்தார். யாரும் வரவில்லை. அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். 12.30-க்கு மாடிப்படியில் ஒரு காலடிச் சத்தம். முடியும்போது மொத்தம் ஆறு பேர். அடுத்த வாரம் இருபது, அதற்கு அடுத்த வாரம் நாற்பது. பிறகு வாரம் ஒரு நாள் என்பது தினசரி ஆயிற்று. அக்டோபர் நடுவில் நியூயார்க் வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்தி, வியாபாரமே ஆட்டம் கண்டது. 1858 தொடக்கத்தில் நகரத்தில் சர்ச்சுகளும் நாடகக் கொட்டகை ஒன்றும் கூட மத்தியான ஜெபத்துக்கு நிரம்பி வழிந்தன.

இது மௌன ஜெபம் இல்லை, பாட்டும் சத்தமான ஜெபமும் உண்டு. இருந்தாலும் இங்கே சேர்க்கக் காரணம், அவர்கள் வைத்திருந்த விதிகள். ஒருவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் சின்ன மணி அடிப்பார்கள். சர்ச்சைக்குரிய விஷயம் எதையும் பேசக் கூடாது. வெளியே சந்தையின் கூச்சல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அதை நுழையவிடாமல் வைத்தது அந்த எளிய விதிகளும், யாரும் வராதபோதும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த ஒரு மனிதரும்.

நம் மும்பைக்கே வருகிறேன். பாந்திரா, கிர்காவ், மஸ்காவ் பக்கம் போனால் சந்து முனைகளில் சின்னச் சின்னக் கல் சிலுவைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, 1896-ல் இந்த நகரத்தில் பிளேக் வந்த சமயத்தில் காவல் வேண்டி ஜனங்கள் வைத்தவை. மாண்ட்வி பகுதியில் ஆரம்பித்த நோய். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள், ஓட மனம் இல்லாதவர்கள் தெரு முனையில் சிலுவை வைத்து அதைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். இன்றும் அந்தச் சிலுவைகளுக்குப் பூமாலை போடுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஒருவர் அங்கே வந்ததும் ஒரு விநாடி நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடி ஓடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மாஹிம் மிக்கேல் கோயிலில் 1948 செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய புதன்கிழமை நொவேனா இன்னொரு உதாரணம். ஆயிரக்கணக்கில் கூட்டம். பக்கத்தில்தான் தாராவி, தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர்கள் வந்து குடியேறிய இடம். அந்தக் கூட்டத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் இருக்கும் பெண்களைப் பார்க்கும்போது நான் நினைப்பதுண்டு. அங்கே அவரை யாரும் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் கிடைக்காத தனிமை கூட்டத்தில் கிடைக்கிறது.

சரி, இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன கதைகளில் எல்லாம் அமைதி தானாக அமையவில்லை. மடத்தில் வாசல் காவல்காரர். எப்வர்த்தில் பிள்ளைகள். ஃபுல்டன் தெருவில் லான்ஃபியர். நம் ஊரிலும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் அங்கே இருப்பதையே நாம் கவனித்திருக்க மாட்டோம். அப்பா காலையில் முழங்கால் போட்டிருக்கும்போது எங்களை அதட்டாமல் வெளியே கூட்டிப் போனது ஆச்சி. அம்மா மாலை ஜெபத்துக்குப் போனபோது அடுப்பில் இருந்ததைப் பார்த்துக்கொண்டது சித்தி. கோயில்குட்டியார் மணி அடித்தார். ஊரில் இருந்தது அமைதி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஊரில் இருந்தது ஆட்கள்.

பிழைப்புக்காக இங்கே வந்தபோது அந்த ஆட்களை நாம் விட்டுவிட்டு வந்தோம். மிஞ்சியது இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவருடைய அமைதிக்கு இன்னொருவர்தான் காவல், வேறு வழியே இல்லை. பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? அவர் வேதாகமத்தோடு உட்காருகிறார், அவள் பிள்ளைகளின் வாயை அடைக்கிறாள், குக்கர் விசிலைக் குறைக்கிறாள், காலிங் பெல்லுக்கு ஓடுகிறாள். அவளுக்கு அந்தக் காவல் யார் செய்கிறார்கள்? அவளும் காலையில் ஆபீஸ் போகிறவளாக இருந்தால் இன்னும் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்தின் இரண்டு வகுப்புகள் நம்முடைய 300 சதுர அடிக்குள் அப்படியே இருக்கின்றன.

எங்கள் வீட்டில் இதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு சாதாரணமானது. காலையில் தண்ணீர் பிடித்து முடித்தபிறகு இருபது நிமிஷம் எனக்கு. இரவு ஒன்பதரைக்கு மேல் இருபது நிமிஷம் என் மனைவிக்கு. அந்த இருபது நிமிஷம் பாத்திரமும் நானும், பிள்ளையின் ஹோம்வொர்க்கும் நானும், போன் வந்தாலும் நான்தான். அவள் உட்காருவது அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில் உள்ள இடத்தில். வேறு இடம் கிடையாது. அடுத்த வீட்டு டிவி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது தன்னைத் தொந்தரவு செய்வதில்லை, யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தால் போதும் என்கிறாள்.

உங்கள் வீட்டு நேரம் வேறாக இருக்கும். டெல்லியில் இருப்பவர்களுக்குக் குளிர்காலக் காலை கஷ்டம். கால் சென்டரில், நைட் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு நாளே தலைகீழ். ஐந்து நிமிஷம்தான் ஒதுக்க முடியும் என்றால் ஐந்து நிமிஷம். ஆனால் அதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள், எப்வர்த் பிள்ளைகள் புரிந்துகொள்ளவில்லையா?

அமைதியான வீடு வாங்கியபிறகு, பிள்ளைகள் வளர்ந்தபிறகு, ரிட்டையர் ஆகி ஊருக்குப் போனபிறகு ஜெபித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். ஒரே முற்றத்தை நாலு குடும்பம் பங்கிட்டுக்கொண்ட ஜனங்களிடம்தான் உள்ளே போய்க் கதவைப் பூட்டச் சொன்னார்கள். அவர்களாலும் வீட்டிலுள்ளவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டால்தான் அந்தக் கதவைப் பூட்டியிருக்க முடியும். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாருக்கு அந்த இருபது நிமிஷம், யார் பாத்திரம் கழுவுவது என்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்.